இருநூற்று இருபத்தெட்டு நடை தண்ணீர்

எங்கள் நகரசபைக்குச் சொந்தமாகப் பதினொரு வாகனங்கள் இருக்கின்றன. அவற்றை மேற்பார்வை செய்ய நான்கு குழுக்கள் இருக்கின்றன. வாகனக் குழு வாகனங்களைப் பார்க்கும். எரிபொருள் குழு டீசலைப் பார்க்கும். உதிரிப்பாகக் குழு இன்னும் வாங்காத உதிரிப்பாகங்களைப் பார்க்கும். நான்காவது குழு, மற்ற மூன்றும் கூடிய நாட்களில் தேநீரோடு பெற்றிஸ் கொடுக்கப்பட்டதா, ரோல்ஸ் கொடுக்கப்பட்டதா என்பதைப் பார்க்கும். பதினொரு வாகனங்களில் ஓடுகிறவை எத்தனை என்று பார்ப்பதற்கு மட்டும் குழு கிடையாது. அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை.

சபையின் பெயரைச் சொல்லமாட்டேன். கண்டிக்குக் கிட்ட என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் இதே ஊரில் சில்லறைக் கடை வைத்திருப்பவன். கடை உரிமத்தை வருடாவருடம் அந்தச் சபையில்தான் புதுப்பிக்க வேண்டும். நடந்ததைக் கேட்டு வயிறு எரிந்ததால் எழுதுகிறேனே தவிர, எனக்கு வீரம் ஒன்றும் பொங்கி வழியவில்லை.

சபையின் தண்ணீர் பவுசரை, அதாவது தண்ணீர்த் தாங்கி லொறியை, ஓட்டுகிறவர் பொன்னையா. பதினாறு வருடமாக அமய ஊழியர். அதாவது மாதக் கடைசியில் வேலை போய், முதலாம் திகதி மறுபடி வேலை கிடைக்கிறவர். அவருடைய வீடு மேட்டுக் காலனியில். பழைய தோட்டக் காணியைத் துண்டு போட்டு முப்பத்து நான்கு குடும்பங்களுக்குக் கொடுத்த இடம் அது. வீடு கொடுத்தார்கள், ஓடு கொடுத்தார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் பித்தளையில் ஒரு தண்ணீர்க் குழாயும் பொருத்திக் கொடுத்தார்கள். குழாய்க்குள் தண்ணீர் அனுப்புவது வேறு திணைக்களத்தின் வேலை என்பதால் அது மட்டும் வரவில்லை. அரை மைல் கீழே பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற ஒரு பீலி இருக்கிறது. மழைக்காலத்தில் கொட்டும். ஆடி ஆவணியில் நூல் மாதிரி ஒழுகும். அந்த மாதங்களில் சபையின் பவுசர் நாளுக்கு மூன்று நடை தண்ணீர் ஏற்றிக்கொண்டு மேலே போகும். அப்படித்தான் அந்தச் சனங்கள் குடித்துக் குளித்துப் பிழைத்து வந்தார்கள்.

அந்த வருடம் ஜூன் கடைசியில் பவுசரின் பிரேக் போய்விட்டது. சபையின் வேலைத்தளத்தில் மெக்கானிக் முஹைதீன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார்.

"பொன்னையா அண்ணே, இந்த பிரேக்கோட மேட்டுக்கு ஏறலாம். எறங்கேலா."

"எவ்ளோ முடியும் பாய்?"

"சாமானோட முப்பத்தெட்டாயிரம் வரும். மாஸ்டர் சிலிண்டர் முழுசா மாத்தோணும். சல்லி தந்தா ரெண்டு நாள்ல செஞ்சி தாரேன்."

பொன்னையா கோரிக்கைப் பத்திரம் நிரப்பச் சொல்லி வீரசிங்கத்திடம் போனார். வீரசிங்கம்தான் வாகனப் பிரிவுக்குப் பொறுப்பான தலைமை எழுதுவினைஞர். குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனை. சபையில் பெரிய மேசை கிடைத்த ஒரே தமிழ் உத்தியோகத்தர். பொன்னையாவின் மகளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்தபோது, ஒரு சதம் வாங்காமல் திருத்திக் கொடுத்தவர். சிங்களத்தில் வருகிற பத்திரம் எதுவானாலும் பொன்னையா அவரிடம் நீட்டுவார். அவர் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவார். சிங்களம் பேசுவதில் பொன்னையா கெட்டிக்காரர், வாசிக்கத்தான் வராது.

"உக்காருங்க பொன்னையா" என்று வீரசிங்கம் கதிரையைக் காட்டினார். அந்தக் கந்தோரில் பொன்னையாவுக்குக் கதிரை காட்டுகிறவரும் அவர் ஒருவர்தான். "பவுசர் இந்த வருசம் எத்தன கிலோமீற்றர் ஓடியிருக்கு?"

"ஆயிரத்தித் தொளாயிரம் சேர்."

"செப்டெம்பர் முப்பதுக்குள்ள ஆறாயிரம் ஓடியிருக்கணும். ஓடல்லன்னா அடுத்த வருச பட்ஜட்ல ரிப்பேருக்கு ஒரு சதம் கேக்க ஏலாது. பாவனைக்கு ஒதவாத வாகனம்னு ஏலத்துல போட்டுருவாங்க. மேலிடத்துல இருந்து சுற்றுநிருபம் வந்திருக்கு."

"பிரேக்க செஞ்சி குடுத்தா ஓடும் சேர்."

"ஓடுனாத்தான் பிரேக் செய்ய சல்லி."

பொன்னையா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப, பிரேக் செய்யணும்னா ஓடணும். ஓடணும்னா பிரேக் செய்யணும்."

"பாத்தீங்களா, ஒங்களுக்கு ஒடனே வெளங்கிருச்சி! உறுப்பினர்மாருக்கு நான் ரெண்டு மணித்தியாலம் வெளங்கப்படுத்தினேன்" என்று வீரசிங்கம் மகிழ்ந்துபோனார். பிறகு குரலைத் தணித்தார். "அந்தச் சுற்றுநிருபத்த நான் மூணு தடவ படிச்சிட்டேன். வாகனம் ஓடணும்னு இருக்கு. எங்க ஓடணும்னு இல்ல."

மறுநாள் பவுசரின் பின்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கி, நான்கு ரயில் சிலிப்பர் கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். பின் சில்லுகள் தரையைத் தொடவில்லை. பொன்னையா ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். சில்லுகள் காற்றில் சுழன்றன. மீற்றர் ஓடத் தொடங்கியது. மேட்டுக் காலனிக்குப் போய்வரப் பதினெட்டுக் கிலோமீற்றர். பதினெட்டு ஆனதும் பொன்னையா எஞ்சினை நிறுத்துவார். வீரசிங்கம் அனுப்பிய ஓட்டப் பதிவுத்தாளில் ஒரு நடை எழுதப்படும்.

முஹைதீன் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, நான் இருவத்தேழு வருசமா கராஜ்ல ஈக்கேன். பிரேக் இல்லாத வண்டிக்கி இதவிட பாதுகாப்பான ரோட்ட காணல்ல" என்றார்.

முதல் வாரம் பொன்னையாவுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அவரை அறியாமலே கை ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியது. பிள்ளையார் கோயில் முடக்கு வருகிற கிலோமீற்றரில் ஹோர்ன் அடித்தார். ஏற்றம் வருகிற இடத்தில் கியரைக் குறைத்தார். காலனிக்குப் போய்ச் சேர்கிற ஒன்பதாவது கிலோமீற்றரில் மனது ஒரு மாதிரி ஆகிவிடும் என்று பின்னர் என்னிடம் சொன்னார். அங்கே கேனும் வாளியுமாக நிற்கிற முகங்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள்.

ஓகஸ்ட் மாதம் சபையின் தலைவரான தவிசாளர், வாகனக் குழுவோடு வேலைத்தளத்துக்கு மேற்பார்வைக்கு வந்தார். பவுசர் கட்டையின் மேல் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இது எங்கே போகிறது?" என்று தவிசாளர் சிங்களத்தில் கேட்டார்.

"மேட்டுக் காலனிக்கு, சேர்" என்றார் வீரசிங்கம்.

தவிசாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?"

"இன்னும் பத்து நிமிடத்தில்."

"நல்லது. எங்களால் தாமதமாகிவிடக் கூடாது. மக்கள் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள்" என்று சொல்லித் தவிசாளர் இரண்டடி விலகி, பவுசருக்கு வழி விட்டார்.

குழுவினர் சும்மா திரும்பவில்லை. சாரதி ஆசனப்பட்டி அணியாமல் ஓட்டியதை ஓர் உறுப்பினர் கண்டுபிடித்தார். அதற்குப் பொன்னையாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டது. மலைப்பாதையில் உதவியாளர் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று இன்னோர் உறுப்பினர் கவலைப்பட்டார். மறுநாளிலிருந்து ஓர் உதவியாளர் வந்து இடப்பக்கம் உட்கார்ந்து தூங்கினார். மலையேறுகிற பவுசர் இவ்வளவு குறைந்த டீசலில் ஓடுவது எப்படி என்று எரிபொருள் குழு வியந்தது. பொன்னையாவின் சிக்கனமான ஓட்டுமுறையை மற்றச் சாரதிகளும் பின்பற்ற வேண்டும் என்று அறிவித்தல் பலகையில் கடிதம் ஒட்டப்பட்டது. பதினாறு வருடத்தில் மலையில் ஓட்டியபோது அவருக்குக் கிடைக்காத பாராட்டு அது.

தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஓட்டப் பதிவுத்தாளின் கடைசிக் கட்டத்தில் தண்ணீரைப் பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் வேண்டும்.

"ஒங்க சம்சாரம் அங்கதானே இருக்காங்க?" என்றார் வீரசிங்கம்.

"அது சரி சேர், ஆனா தண்ணி..."

"பொன்னையா, ஜனவரில பிரேக் சரி. பவுசர் மேல ஏறும். ஒங்க நிரந்தர நியமனத்துக்கும் நான் இதோட சேத்து எழுதியிருக்கேன். மூணு மாசந்தானே? நம்ம சனத்துக்கு நான் கெடுதல் செய்வேனா?"

பொன்னையா தாள்களைச் சுருட்டி லஞ்ச் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி ஜெயராணி பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தமிழில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். விடியுமுன் எழுந்து, இரண்டு மஞ்சள் கேன்களோடு பீலிக்கு இறங்கி, வரிசையில் நின்று, நூலாக ஒழுகுவதைப் பிடித்துக்கொண்டு ஏறிவர இரண்டு மணித்தியாலம் ஆகும். பக்கத்து வீட்டு கிருஷாந்தியும் கூடப் போவாள். காலனியின் பாலர் பாடசாலை ஆசிரியை அவள். பிள்ளைகள் கை கழுவுவதற்கும் சேர்த்து ஒரு கேன் சுமப்பாள்.

"என்னாங்க, பவுசரு எப்ப வருது?" என்று ஜெயராணி ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

"பிரேக்கு ரிப்பேரு. செய்றாங்க" என்று பொன்னையா ஒவ்வொரு நாளும் சொன்னார்.

சனிக்கிழமை மாலைகளில் தாள்களை விரித்துவைத்தார். எல்லாம் சிங்களத்தில் இருந்தன.

"இது என்னாத்துக்கு?"

"நெரந்தரமாக்குறதுக்கு. வீட்டுக்காரி கையெழுத்து வேணுமாம். வீரசிங்கம் ஐயா தந்தாரு."

"இம்புட்டா?"

"கவுர்மெண்டு வேலைன்னா அப்புடித்தான்."

பதினாறு வருடமாக அந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் அவள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் பெயரை முழுதாக, எழுத்துப் பிசகாமல் எழுதினாள். வாரத்துக்குப் பதினெட்டுக் கையெழுத்து. இதைச் சொல்லும்போது பொன்னையா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டெம்பர் நடுவில் கடைசி வீட்டு பாலம்மா பீலிப் பாதையில் கேனோடு சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சாக்குக் கட்டிலில் தூக்கிப் பாதைவரை கொண்டுவந்து, முச்சக்கரவண்டியில் போட்டுக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கும் பவுசர் மூன்று நடை போய்வந்தது.

செப்டெம்பர் முப்பதாம் திகதி மாலை மீற்றர் இலக்கைத் தாண்டி நான்கு கிலோமீற்றர் கூட ஓடி நின்றது. மூன்று மாதம், எழுபத்தாறு வேலை நாள், இருநூற்று இருபத்தெட்டு நடை. வீரசிங்கம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். தான் செய்தது தப்பு என்று பொன்னையாவுக்குத் தெரியும். ஆனால் ஜனவரியில் தண்ணீர் வந்துவிட்டால் தப்பு சரியாகிவிடும் என்று நம்பினார். நம்புவதற்கு அவரிடம் வீரசிங்கத்தை விட்டால் வேறு ஆள் இருக்கவில்லை.

டிசம்பரில் வரவு செலவுத் திட்டக் கூட்டம். சாரதிகளும் பின்வரிசையில் நிற்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல. முதலில் பவுசரின் பிரேக்குக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கோரிக்கை வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, நான் கோவைகளை வாசிக்காமல் பேசுகிறவன் அல்ல. சில வேளைகளில் வாசித்துவிட்டும் பேசுவேன். இந்தப் பவுசர் மூன்று மாதத்தில் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் மலைப்பாதையில் ஓடியிருக்கிறது. ஒரு விபத்து இல்லை. ஒரு பழுது இல்லை. பிரேக் வேலை செய்யவில்லை என்றால் இருநூற்று இருபத்தெட்டுத் தடவை மலையிலிருந்து எப்படி இறங்கியது? பழுதில்லாத வாகனத்தைப் பழுதுபார்க்க மக்கள் பணத்தைச் செலவழிக்க என் மனச்சாட்சி இடம் தராது. என் மனச்சாட்சி இடம் தந்த மற்றச் செலவுகளின் பட்டியல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது."

மேசைகளைத் தட்டினார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

பொன்னையா வீரசிங்கத்தைப் பார்த்தார். வீரசிங்கம் பச்சைப் பேனையால் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்தது கிருஷாந்தி எழுதி, முப்பத்து நான்கு வீட்டாரும் கையெழுத்திட்ட மனு. மேட்டுக் காலனிக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்பது அது. வீரசிங்கம் புள்ளிவிபரம் வாசித்தார். காலனிக்குப் பதினொரு இலட்சத்து நாற்பதாயிரம் லீற்றர் விநியோகிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு நானூற்று நாற்பது லீற்றருக்கு மேல். தவிசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என் வீட்டில்கூட இவ்வளவு தண்ணீர் செலவாகாது. எனக்கு நீச்சல் தடாகம் இருக்கிறது, அப்படியிருந்தும் செலவாகாது. இந்த மக்களுக்குத் தேவை குழாய் அல்ல. சிக்கனம் பற்றிய அறிவு."

குழாய் பிற்போடப்பட்டு, நீர்ச் சிக்கன விழிப்புணர்வுக் கருத்தரங்குக்கு இரண்டு இலட்சம் ஒதுக்கப்பட்டது. மேட்டுக் காலனிக்கு ஒழுங்காகத் தண்ணீர் போகிறதா என்பதைத் தவிசாளர் நேரில் மேற்பார்வை செய்வதற்காக ஒரு டபுள் கெப் வண்டி வாங்கவும் தீர்மானம் வந்தது. எதிர்க்கட்சி கொதித்தெழுந்தது. வெள்ளை நிறம் சேறு பிடிக்கும், சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று முக்கால் மணித்தியாலம் போராடி, இறுதியில் வென்றது.

கூட்டம் முடிந்ததும் பொன்னையா வீரசிங்கத்தைப் படிக்கட்டில் மறித்தார்.

"சேர், ஜனவரியில பிரேக்குன்னீங்களே."

"நான் என்ன செய்ய பொன்னையா? நீங்க ஓட்டுன ஓட்டம் அவ்வளவு நல்லா இருந்திருச்சி" என்றார் வீரசிங்கம். "இப்ப ஒண்ணும் பேசாதீங்க. ஒங்க நியமனம் மேசையில இருக்கு."

பொன்னையா பேசவில்லை. அதுதான் அவர் செய்த இரண்டாவது தப்பு.

ஜனவரி கடைசியில் கருத்தரங்கு, காலனிக் கோயில் மண்டபத்தில். ஏழு மாதத்துக்குப் பிறகு மேட்டுக் காலனிக்கு ஏறிய முதல் சபை வாகனம், அந்தச் சாம்பல் நிற டபுள் கெப். சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய அடையாளம் அழியாமல் இருந்தது. பிரமுகர்களுக்குப் போத்தல் தண்ணீர் இறக்கினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பல் துலக்கும்போது குழாயை மூடிவைக்க வேண்டும் என்று, குழாயில் தண்ணீரே கண்டிராத சனங்களுக்கு ஓர் அதிகாரி படம் போட்டுக் காட்டினார். சனங்கள் அடக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னையா கடைசித் தூணோரம் நின்றார்.

பிறகு தவிசாளர் பேசினார். வீரசிங்கம் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னார்.

"உங்களுக்கு இருநூற்று இருபத்தெட்டு நடை தண்ணீர் தந்தோம். நான் பெருமைப்படவில்லை. அது எங்கள் கடமை. இந்தக் காலனியில் மிகப் பொறுப்போடு ஒவ்வொரு நடையையும் பெற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கையொப்பமிட்ட ஒரு சகோதரியை இன்று கௌரவிக்கிறோம். திருமதி ஜெயராணி பொன்னையா மேடைக்கு வரவும்."

கிருஷாந்தி மெதுவாகத் திரும்பி ஜெயராணியைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒன்றாகப் பீலிக்கு இறங்கி ஒன்றாக ஏறியவர்கள், புதிதாக ஓர் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஜெயராணி எழுந்து போனாள். வீரசிங்கம் கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றிதழை நீட்டினார். பக்கத்தில் சாட்சிக்கு வைத்திருந்த கோவையை அவள் இழுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு தாளிலும் அவளுடைய பெயர், எழுத்துப் பிசகாமல்.

"இது நான் போட்ட கையெழுத்துத்தான்" என்றாள். "என் வீட்டுக்காரரு சொல்லி போட்டேன். என்னா எழுதியிருக்குன்னு எனக்கு தெரியாது. தண்ணி ஒரு சொட்டு வரல்ல. பாலம்மாக்கா இடுப்பு ஒடஞ்சி இன்னும் படுக்கையில கெடக்கு. நீங்க யாராச்சும் வந்து பாத்தீங்களா?"

தவிசாளர் வீரசிங்கத்தின் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறார்?"

வீரசிங்கம் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நன்றி சொல்கிறார், சேர். ஆனால் வந்த தண்ணீர் போதவில்லையாம். இன்னும் கேட்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னார்.

தவிசாளர் சிரித்தபடி தலையை ஆட்டினார். "பார்த்தீர்களா, மனிதருக்குக் கொடுத்து முடியாது."

சிங்களம் வாசிக்கத் தெரியாத பொன்னையாவுக்குக் கேட்டு விளங்க நன்றாகவே தெரியும். பதினாறு வருடமாகத் தன் பத்திரங்களையெல்லாம் இந்த வாய்தான் வாசித்துச் சொன்னது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூணிலிருந்து நேராக மேடைக்குப் போய், பவுசரையும் சிலிப்பர் கட்டையையும் சுழன்ற சில்லையும் தவிசாளருக்குச் சிங்களத்தில் ஒன்றுவிடாமல் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிய முதல் கந்தோர் விஷயம் அது.

தவிசாளர் முழுதும் கேட்டார். முகம் கறுத்தது. கடைசியில், "நான் இதை நேரில் பார்த்தேனே! நான் வழி விட்டேனே!" என்றார். அவர் எதற்காக வருத்தப்பட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விசாரணை மூன்று அமர்வுகளாக நடந்தது. நான்காவது குழுவின் பதிவுப்படி மூன்றிலும் பெற்றிஸ். வீரசிங்கம் இரண்டு பக்க வாக்குமூலம் கொடுத்தார். "சாரதி என்னுடைய இனத்தவர் என்பதால் அவரை முழுமையாக நம்பினேன். அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யப்பட்டதில் மனமுடைந்துபோயுள்ளேன்" என்று அதில் இருந்தது. மனமுடைந்தவருக்குச் சபை இரண்டு வாரச் சம்பள லீவு கொடுத்தது. லீவு முடிந்து வந்தபோது நிர்வாக உத்தியோகத்தராகப் பதவி உயர்வும் கொடுத்தது. முஹைதீன் சாட்சி சொல்லப் போனார். கட்டைகள் சபையின் களஞ்சியப் பதிவேட்டில் இல்லை, ஆகவே இல்லாத கட்டையின் மேல் பவுசர் நின்றிருக்க முடியாது என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் தீர்மானங்கள் நிறைவேறின. சபை நம்பிக்கைத் துரோகத்துக்கு ஆளாகியுள்ளது. சாரதி பொன்னையா வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். இருநூற்று இருபத்தெட்டு நடைக்கான டீசல் பணம் அவரிடம் அறவிடப்படும். கணக்காய்வு முடிந்த பதிவுகளைத் திருத்த முடியாதாகையால், மேட்டுக் காலனி மேற்படி தண்ணீரைப் பெற்றுக்கொண்டதாகவே கருதப்படும். தவிசாளர் உருக்கமாகப் பேசினாராம். "சாதாரண மக்கள் எங்களை ஏமாற்றுகிறபோதுதான் எங்களுக்கு வலிக்கிறது. நாங்கள் பதவிக்கு வந்தது அதற்காக அல்ல."

அன்று மாலை கடிதத்தோடு பொன்னையா காலனிக்கு ஏறினார். பஸ்ஸுக்குக் காசில்லை, நடந்தே போனார். அந்த ஒன்பது கிலோமீற்றரையும் நிலத்தில் கால் பட அவர் கடந்து வெகு நாளாயிருந்தது. பீலிப் பாதை பிரிகிற இடத்தில் ஜெயராணி எதிரே வந்தாள். இரண்டு கைகளிலும் கேன். முன்பெல்லாம் கிருஷாந்தியோடு வருகிறவள், தனியாக வந்தாள். வரிசையில் அவளுக்கு இப்போது கடைசி இடம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே போய்க் கடைசியில் நின்றாள். பங்குனி வெயிலில் வற்றிய பீலியில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகு கிடைத்ததில் கேன்கள் பாதிதான் நிறைந்திருந்தன.

"வேல போயிருச்சி" என்றார் பொன்னையா.

அவள் நின்றாள்.

"வீரசிங்கம் ஐயாவ நம்பி மோசம் போயிட்டேன் ராணி. கூடவே இருந்து கழுத்த அறுத்துட்டாரு."

"நீங்க அவர நம்புனீங்க" என்றாள் ஜெயராணி. "நான் ஒங்கள நம்புனேன்."

அவர் கையை நீட்டினார். "குடு, ஒரு கேன நான் தூக்கிட்டு வாறேன். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல. தொண்ட காயுது."

ஜெயராணி கேன்களைக் கீழே வைக்கவில்லை.

"எரநூத்தி இருவத்தெட்டு நட கொண்டாந்தீங்களே. அதுல குடிங்க" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி மேட்டில் ஏறிப் போனாள்.